பெருவெடிப்பா, படைப்பா? வாசகர் கேள்விகள்

கேள்வி: பிரபஞ்சம் மிகுந்த வெப்பமும் அடர்த்தியும் கொண்ட நிலையிலிருந்து விரிந்தது என்னும் பெருவெடிப்புக் கொள்கைப்படி அதன் வயது 1,380 கோடி ஆண்டுகள் என்றால், "கார்பன் சோதனையே நம்பத்தகாதது" என்கிறார் உலகைக் கடவுள் சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்தான் படைத்தார் என்னும் படைப்புவாதத்தை ஏற்கும் நண்பர். என்ன சொல்வது?

பதில்: பிரபஞ்சத்தின் வயதுக்கும் கார்பன் சோதனைக்கும் சம்பந்தமே இல்லை. கார்பன் சோதனை, பழைய உயிர்ப்பொருளில் மிஞ்சியிருக்கும் கார்பன்-14ஐ அளந்து அதன் வயதைச் சொல்வது. கார்பன்-14இன் அரை ஆயுள், அதாவது பாதியாகச் சிதைய எடுக்கும் காலம், 5,730 ஆண்டுகள்; சுமார் 50,000 ஆண்டுகளைத் தாண்டினால் அளக்கும்படி எதுவும் மிஞ்சாது. பூமியின் 454 கோடி ஆண்டுகள், யுரேனியம் ஈயமாகச் சிதைவதை வைத்துக் கிடைத்த கணக்கு. பிரபஞ்சத்தின் வயதோ அது விரியும் வேகத்திலிருந்தும் தொடக்க வெப்பத்தின் மிச்சமாக விண்வெளியெங்கும் பரவியிருக்கும் பின்னணிக் கதிர்வீச்சிலிருந்தும் வருகிறது. எந்த அளவுமுறையைப் பற்றிப் பேசுகிறார் என்று நண்பரிடம் முதலில் கேளுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

கேள்வி: தூரத்து விண்மீன்களின் ஒளியைக் கடவுள் வழியிலேயே படைத்திருக்கலாம், அணுச்சிதைவும் அன்று வேறு வேகத்தில் நடந்திருக்கலாம் என்கிறார்களே?

பதில்: இதற்கு நல்ல உரைகல், 1987 பிப்ரவரியில் வானில் தெரிந்த எஸ்.என். 1987ஏ என்ற விண்மீன் வெடிப்பு. அதைச் சுற்றி ஏற்கெனவே ஒரு வாயு வளையம் இருந்தது. வெடிப்பின் ஒளி போய்ச் சேர்ந்து வளையம் ஒளிர எத்தனை நாள் ஆனது என்று பார்த்து, அதன் சாய்வையும் சேர்த்துக் கணக்கிட்டால் வளையத்தின் உண்மையான அளவு கிடைக்கும். தொலைநோக்கியில் அது எவ்வளவு சிறிதாகத் தெரிகிறது என்பதோடு ஒப்பிட்டால் தூரம் வந்துவிடும்: சுமார் 1,68,000 ஒளியாண்டுகள். வெறும் வடிவக் கணக்குதான்.

அடுத்தது இன்னும் முக்கியம். முதல் சில மாதங்களுக்குப் பின் வெடிப்பின் வெளிச்சம், அதில் உருவான கதிரியக்கப் பொருளான கோபால்ட்-56இன் அரை ஆயுளான 77 நாள் கணக்குப்படியே மங்கியது. இன்று ஆய்வகத்தில் அளந்தாலும் அதே 77 நாள்தான். நாம் பார்த்தது சுமார் 1,68,000 ஆண்டுகளுக்கு முன் புறப்பட்ட ஒளி; அன்று முதல் சிதைவின் வேகம் மாறியிருந்தால் இது பொருந்தியிருக்காது.

ஒளி வழியிலேயே படைக்கப்பட்டது என்றால், நாம் பார்த்தது நடக்கவே நடக்காத ஒரு வெடிப்பு என்றாகிவிடும். எந்த அளவீட்டாலும் சோதிக்க முடியாத வாதம் இது. ஒருவர் அப்படி நம்பலாம். அறிவியல் வாதமாக அதை ஏற்க முடியாது.

கேள்வி: யாருமே பார்க்காத தொடக்கத்துக்கு என்ன ஆதாரம்?

பதில்: தொடக்கத்தில் எல்லாம் கடும் வெப்பத்தில் இருந்திருந்தால், அந்த வெப்பத்தின் மிச்சம் இன்றும் சுமார் 5 கெல்வின் (மிகக் குறைந்த வெப்பநிலையான -273 டிகிரி செல்சியஸுக்கு 5 டிகிரி மேலே) அளவில் இருக்க வேண்டும் என்று 1948இலேயே இயற்பியலாளர்கள் ஆல்ஃபரும் ஹெர்மனும் கணித்தார்கள். 1964இல் வானொலி வானியலாளர்கள் பென்சியாஸும் வில்சனும் கொம்பு வடிவ ஆன்டெனா ஒன்றில் 7.35 செ.மீ. அலைநீளத்தில் அளந்தபோது, எந்தத் திசையில் திருப்பினாலும் போகாத இரைச்சல் கேட்டது. உள்ளே இருந்த புறா எச்சத்தைத் துடைத்தெடுத்தும் அது குறையவில்லை. அந்த இரைச்சல்தான் முன்பே கணித்த வெப்பத்தின் மிச்சம், அதாவது பின்னணிக் கதிர்வீச்சு. அதன் இன்றைய துல்லிய அளவு 2.725 கெல்வின்.

இடிக்கும் இடமும் உண்டு: பெருவெடிப்பில் உருவாகியிருக்க வேண்டிய லித்தியம்-7 என்ற தனிமம், பழைய விண்மீன்களில் கணித்த அளவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் தெரிகிறது. விவாதத்தில் இதை மறைக்காதீர்கள்.

கேள்வி: கடவுள் நம்பிக்கை உள்ளவர் பெருவெடிப்பை ஏற்கலாமா?

பதில்: தாராளமாக. விரியும் பிரபஞ்சத்தை 1927இல் முன்வைத்த ஜார்ஜ் லெமைத்ர் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். 1951இல் போப் 12ஆம் பயஸ் இந்தக் கொள்கையைப் படைப்போடு இணைத்துப் பேசியதை அவர் விரும்பவில்லை. வெப்பமும் அடர்த்தியும் மிகுந்த நிலையிலிருந்து பிரபஞ்சம் விரிந்து குளிர்ந்ததைத்தான் பெருவெடிப்பு விளக்குகிறது. அந்த நிலை எங்கிருந்து வந்தது என்பதற்கு அதனிடம் விடை இல்லை.