அறுவை சிகிச்சைக்கு நன்கொடை: எஸ்டிமேட்டில் எதைப் பார்ப்பது?

கேள்வி: வறுமையான ஊர் ஒன்றில் பிறந்த குழந்தையின் வளைந்த பாதத்தைச் சரிசெய்ய இணையத்தில் நிதி திரட்டுகிறார்கள். கொடுக்கத் தயார். பணம் முழுதாகப் போய்ச் சேருமா? வரிச்சலுகை கிடைக்குமா?

பதில்: பணம் யார் கணக்கில் விழுகிறது என்று முதலில் பாருங்கள். மருத்துவமனைக்கோ பதிவுபெற்ற அறக்கட்டளைக்கோ நேரே போனால் பாதிக் கவலை தீர்ந்தது. தனிநபர் கணக்கு என்றால், தேதியும் முத்திரையும் உள்ள எஸ்டிமேட்டை, அதாவது மருத்துவமனை தரும் செலவு மதிப்பீட்டைக் கேளுங்கள். அதைச் சரிபார்க்க, வேண்டுகோளில் இருக்கும் எண்ணுக்கே போன் போடாதீர்கள். மருத்துவமனையின் பில்லிங் எண்ணை நீங்களே தேடி எடுங்கள். நோயாளி விவரம் சொல்ல மாட்டார்கள், அது நியாயம்தான். "எஸ்டிமேட் உங்களுடையதா, உங்களுக்கே நேராகக் கட்டலாமா?" இது போதும்.

பலர் மொத்தத் தொகையோடு நின்றுவிடுகிறார்கள். விஷயம் அதற்குள்தான் இருக்கிறது. வளைந்த பாதத்துக்குப் பரவலாகச் செய்வது பொன்செட்டி என்ற சிகிச்சை முறை: வாரம் ஒரு மாவுக்கட்டு, சுமார் 5, 6 தடவை. பிறகு பெரும்பாலான குழந்தைகளுக்குக் குதிகால் தசைநாணில் சின்ன வெட்டு, அதன்மேல் 3 வாரக் கட்டு. ஆபரேஷன் அவ்வளவுதான். அதற்கப்புறம் கம்பியில் இணைத்த ஜோடி ஷூவை முதல் 3 மாதம் நாளுக்கு 23 மணி நேரம், பின்பு தூங்கும்போது மட்டும், சுமார் 4 வயது வரை மாட்ட வேண்டும். இதை விட்டுவிடுவதால்தான் பாதம் பெரும்பாலும் திரும்ப வளைகிறது. கால் வளர வளர ஷூவும் மாறணும். எஸ்டிமேட்டில் முதல் ஜோடியோடு கணக்கு முடிந்துவிட்டதா, வாராவாரம் வந்துபோகும் செலவு உண்டா என்று கேளுங்கள். இந்தச் செலவுகள் சின்னதல்ல: 2015இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் போட்ட கணக்கில், உலகம் முழுவதும் அறுவை சிகிச்சைக் கட்டணத்தால் ஆண்டுக்கு 3.3 கோடிப் பேர் நொடிந்துபோகிறார்கள். பயணம், சாப்பாடு போன்ற பிற செலவுகளால் மேலும் 4.8 கோடிப் பேர்.

கட்டணம்: இணையதளக் கமிஷன் வேறு, கார்டு கட்டணம் வேறு. சில தளங்களில் 'டிப்ஸ்' முன்கூட்டியே நிரப்பப்பட்டிருக்கும். அது 15 சதவீதம் என்றால், 100 கொடுக்க நினைத்தவருக்கு 115 கழியும். பூஜ்யமாக்கலாம், தப்பில்லை.

தனிநபருக்குத் தருவதற்குப் பெரும்பாலும் வரிச்சலுகை இல்லை. தகுதியுள்ள அறக்கட்டளையின் ரசீது வேண்டும். இலக்குக்கு மேல் வசூலானால் மிச்சம் எங்கே போகும் என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

என்னைக் கேட்டால், பாதியை இப்போது கட்டுங்கள். மீதியை அடுத்த அளவு ஷூவுக்கென்று மருத்துவமனையிடம் சொல்லி ஒதுக்கி வையுங்கள்.