அம்மா கையெழுத்துப் போடலாமா?

மலேசியா, சுங்கை சிப்புட் வாசகி கேட்கிறார்: "தோட்டத்தை விட்டு வந்ததும் அப்பா 25,000 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கிய மலிவு விலை அடுக்குமாடி வீடு. அப்பா இறந்து ஒன்பது வருடம். புளோக்கை இடித்துப் புதிதாகக் கட்டப்போவதாகச் சொல்லி ஓர் ஏஜெண்ட் வந்தார். முக்கால்வாசிப் பேர் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள், அது போதும், நீங்கள் போடாவிட்டால் ஒன்றும் கிடைக்காது என்று அம்மாவிடம் ஒரு பாரமும் 500 வெள்ளியும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்."

அந்த 500ஐத் தொடாமல் தனியாக எடுத்து வையுங்கள். பாரத்தில் 'சூராட் குவாசா வாக்கில்' என்ற தலைப்பும், கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் 'தீடாக் போலே டிபாத்தால்கான்' (ரத்து செய்ய முடியாது) என்ற வரியும் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது சம்மதக் கடிதம் இல்லை. இனி உங்களுக்குப் பதில் ஏஜெண்டே கையெழுத்துப் போடுவதற்கான அதிகாரப் பத்திரம். ரத்து செய்ய முடியாது என்று எழுதி, காசும் கைமாறிவிட்டால், 1949ஆம் ஆண்டு அதிகாரப் பத்திரச் சட்டப்படி அதிலிருந்து வெளியே வருவது பெரும் பாடு. தீபாவளிக் காசு மாதிரி சிரித்துக்கொண்டே நீட்டுவது இதற்குத்தான்.

முக்கால்வாசி போதுமா? அடுக்குமாடி வீட்டு உரிமை பற்றிய 1985ஆம் ஆண்டு ஸ்ட்ராத்தா சட்டத்தில் எல்லா உரிமையாளரும் சம்மதிக்க வேண்டும். 30 வருடம் தாண்டிய கட்டடத்துக்கு 75 விழுக்காடு என்றது 2025இல் நாடாளுமன்றத்துக்கு வந்த மசோதா. மசோதா வேறு, சட்டம் வேறு. ஏஜெண்டுக்கு அது நன்றாகவே தெரியும்.

சரி, கிராண்டில், அதாவது வீட்டு உரிமைப் பத்திரத்தில், யார் பெயர்? இன்னும் அப்பா பெயர்தான் என்றால், வீட்டைக் கைமாற்ற அம்மாவின் கையெழுத்து மட்டும் போதாது. ஆனால் அம்மாவின் பங்கைச் சிக்கவைக்கப் போதும். உயில் இல்லையென்றால் அம்மாவுக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. பேச்சுவார்த்தை இல்லாத தம்பிக்கும் உண்டு. அப்பா இறந்தபோது அவரைப் பெற்ற பாட்டி உயிரோடு இருந்தாரா? அப்படியானால் கணக்கே வேறு: அம்மாவுக்குக் கால், பிள்ளைகளுக்குப் பாதி, பாட்டிக்குக் கால். பாட்டி படுத்த படுக்கையாக இருந்திருந்தாலும் அப்படித்தான். அவர் பிறகு இறந்திருந்தால் அந்தக் கால் பங்கு அவர் வாரிசுகளுக்குப் போகும், சித்தப்பாவும் அத்தையும் உள்ளே வருவார்கள். இதை விட்டுவிட்டுப் போய், பெயர் மாற்றும் விசாரணையன்று முழித்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

பெயர் மாற்ற வக்கீல் வேண்டியதில்லை. சிறிய சொத்துகளைப் பங்கிடும் புசாக்கா கெச்சில் பிரிவில் போராங் ஏ (ஏ பாரம்) கொடுங்கள். மரணச் சான்றிதழ், வாரிசுகளின் ஐசி, கிராண்ட் நகல் எல்லாம் இரண்டு செட். நகல் மங்கல் என்று ஒரு கவுண்டரில் என்னைத் திருப்பி அனுப்பினார்கள்; அடுத்த முறை போனால் வேறு ஆள், வேறு பட்டியல்.

ஏஜெண்ட் மறுபடி வந்தால், பக்கத்து வீட்டாரை வைத்துக்கொண்டு 500ஐத் திருப்பிக் கொடுங்கள். பெற்றுக்கொண்டேன் என்று ஒரு வரி எழுதி வாங்குங்கள். பாரத்தை மட்டும் கொடுக்காதீர்கள், அது உங்களிடமே இருக்கட்டும்.