அரிதான நிமோனியா: மருத்துவர்களின் கேள்விகளும் பதில்களும்

ஐ.சி.யூ. நோயாளிக்கு நான்கு நாளாக மெரோபெனம் ஏறுகிறது. காய்ச்சல் இறங்கவில்லை. அடுத்து எந்த ஆன்டிபயாட்டிக்?

வயது எழுதவில்லை. சர்க்கரை உண்டா, ஸ்டீராய்டு எடுக்கிறாரா, சேர்ந்து எத்தனையாவது நாளில் நிமோனியா வந்தது, கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) அனுப்பினீர்களா, ஒன்றும் இல்லை. இப்படிக் கேட்டால் நான் மருந்தின் பெயர் சொல்ல மாட்டேன். முதலில் நெஞ்சில் அல்ட்ராசவுண்ட் வைத்துச் சீழ் கோத்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மெரோபெனத்துக்கு அடங்காதவற்றை நினையுங்கள்: லெஜியோனெல்லா, எம்.ஆர்.எஸ்.ஏ. (மெதிசிலினுக்கு அடங்காத ஸ்டாஃபைலோகாக்கஸ்), ஸ்டெனோட்ரோபோமோனாஸ், எலிசபெத்கிங்கியா ஆகிய பாக்டீரியாக்கள், பிறகு காசநோய். நுரையீரல் ரத்தக்குழாய் அடைப்பும் காய்ச்சலோடு வரும். எதை மாற்றுவதானாலும், மாற்றும் முன் சளியும் ரத்தமும் எடுத்து அனுப்புங்கள்.

லெஜியோனெல்லா சிறுநீர்ப் பரிசோதனை நெகட்டிவ். அசித்ரோமைசினை நிறுத்தலாமா?

கூடாது. அந்தப் பரிசோதனை பெரும்பாலும் நியூமோஃபிலா இனத்தின் முதல் செரோகுரூப்பை (உட்பிரிவை) மட்டுமே பிடிக்கும். மருத்துவமனையில் தொற்றுவது வேறு வகையாகவும் இருக்கலாம். சளியில் பி.சி.ஆர். (கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனை) கேளுங்கள். கல்ச்சர் என்றால் லேபில் சொல்லிவைக்க வேண்டும், கிருமி வளர்க்கும் சாதாரணத் தட்டில் இது வளராது. சோடியம் 130-க்குக் கீழே, வயிற்றுப்போக்கு, குழப்பமான பேச்சு, கிராம் ஸ்டெயினில் (சாயமிட்டு மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதில்) சீழ்செல்கள் நிறைய இருந்தும் கிருமியைக் காணோம் என்ற ரிப்போர்ட்: இவை சேர்ந்து வந்தால் லீவோஃப்ளாக்சசினோ அசித்ரோமைசினோ தொடரட்டும். பீட்டா-லாக்டம் (பென்சிலின், மெரோபெனம் போன்றவை) எவ்வளவு உயர்ந்ததானாலும் செல்லுக்குள் ஒளிந்திருக்கும் இந்தக் கிருமியை ஒன்றும் செய்யாது.

சர்க்கரை நோயாளி, வயது 52. இரு பக்க நிமோனியா, மண்ணீரலில் சிறு கட்டிகள். ரத்தக் கல்ச்சரில் ‘சூடோமோனாஸ் ஸ்பீசிஸ்’. ஜென்டாமைசினும் சேர்த்துவிட்டோம், பலனில்லை.

விவரமாக எழுதியதற்கு நன்றி. இது மெலியோய்டோசிஸ் (மண்ணிலும் நீரிலும் உள்ள பாக்டீரியாவால் வரும் நோய்) இல்லை என்று நிரூபணமாகும்வரை மெலியோய்டோசிஸ்தான்.

‘சூடோமோனாஸ் ஸ்பீசிஸ்’ என்ற அந்த இரண்டு சொற்களைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வருகிறது. ஸ்பீசிஸ் என்றால் எது என்று தெரியவில்லை என்று பொருள். தெரியவில்லை என்று எழுதிய தாளைக் கோப்பில் செருகிவிட்டு, தெரிந்ததுபோல மருந்து எழுதுகிறோம். பல ஆண்டுகளுக்கு முன் நான் கூப்பிட்டனுப்பப்பட்ட ஒரு வார்டில் இதே கதை. மூன்று வாரம் காசநோய் மாத்திரை, பிறகு இதே இரண்டு சொற்கள், அந்தத் தாள் ஐந்து நாள் கோப்பிலேயே கிடந்தது. நான் போனபோது லேபில் பழைய தட்டு இன்னும் இருந்தது. வழவழப்பாக இருந்திருக்க வேண்டிய காலனிகள் (கிருமித் திட்டுகள்) காய்ந்து, சுருக்கம் விழுந்து, வற்றல்போல் இருந்தன. பர்க்கோல்டேரியா சூடோமாலியை, மெலியோய்டோசிஸ் கிருமி. அன்றே மருந்தை மாற்றினோம். மறுநாள் அவர் இறந்தார்.

லேபுக்கு நடந்து போய் மூன்று டிஸ்க் (மருந்து தோய்த்த சிறு வட்டத்தாள்) வைக்கச் சொல்லுங்கள். கிருமி கொலிஸ்டினையும் ஜென்டாமைசினையும் ஒட்டி வளர்ந்து, அமாக்சிசிலின்-கிளாவுலனேட்டைச் சுற்றி மட்டும் வளராமல் விலகி நின்றால் பெரும்பாலும் இதுதான். சூடோமோனாஸ் ஏரூஜினோசா கொலிஸ்டினுக்கு அடங்கும், அமாக்சிசிலின்-கிளாவுலனேட்டுக்கு அடங்காது. தட்டை முகர்ந்து பார்க்க வேண்டாம், கிருமி மூச்சுவழி தொற்றும். சந்தேகம் என்று லேபுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவது உங்கள் கடமை.

உறுதியாகும்வரை காத்திராமல் செஃப்டாசிடைம் தொடங்குங்கள், நிலைமை மோசமென்றால் மெரோபெனம். ஊசி குறைந்தது இரண்டு வாரம். உங்கள் நோயாளிக்கு மண்ணீரலிலும் கட்டி இருப்பதால் நான்கு வாரம் அல்லது அதற்கு மேலும் ஆகும். பிறகு கோட்ரைமாக்சசோல் மூன்று மாதம். மாத்திரையைப் பாதியில் விட்டால் நோய் திரும்பும், இதை உறவினரிடமும் சொல்லுங்கள். கல்லீரலையும், ஆணென்றால் புராஸ்டேட்டையும் ஸ்கேன் செய்யுங்கள். சரியான மருந்திலும் காய்ச்சல் இறங்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அதற்குள் பதறி மாற்றிவிடாதீர்கள்.

சிறுநீரக மாற்று செய்தவர். சளியில் கிளைவிட்ட இழைகள், ஆசிட்-ஃபாஸ்ட் (காசநோய்க் கிருமியைத் தேடும் சாயச் சோதனை) லேசாகப் பாசிட்டிவ். காசநோய் மருந்து தொடங்கிவிட்டோம். சரிதானே?

அவசரப்பட்டுவிட்டீர்கள். கிளைவிட்ட இழை என்று உங்கள் கையாலேயே எழுதியிருக்கிறீர்கள், அது நோகார்டியா என்ற பாக்டீரியா. தட்டுகளை இரண்டு மூன்று வாரம் தூக்கிப் போடாமல் வைத்திருக்க லேபில் சொல்லுங்கள். தலைவலி இல்லாவிட்டாலும் மூளைக்கு எம்.ஆர்.ஐ. எடுங்கள், கட்டி அங்கே சத்தமில்லாமல் இருக்கும். அடிப்படை மருந்து கோட்ரைமாக்சசோல். நோய் கடுமையென்றால் தொடக்கத்தில் இமிபெனமோ அமிகாசினோ சேரும். மொத்தம் ஆறு மாதம் முதல் ஒரு வருடம். தடுப்புக்காக ஏற்கனவே கோட்ரைமாக்சசோல் எடுத்தவருக்கு இது வராது என்று நினைக்காதீர்கள். அந்தக் குறைந்த அளவை மீறியும் வருகிறது. மருந்து தொடங்கும் முன் மாதிரி எடுத்தீர்களா என்று எழுதவில்லை. எடுக்காவிட்டால் இன்றே எடுங்கள்.

வென்டிலேட்டர் குழாய்ச் சளியில் ஸ்டெனோட்ரோபோமோனாஸ். காய்ச்சல் இல்லை, எக்ஸ்ரே தெளிவு, ஆக்சிஜன் தேவை கூடவில்லை.

மருந்து வேண்டாம். குழாயில் குடியேறியிருக்கிறது, அவ்வளவுதான்.

நெபுலைசர் கப்பைக் குழாய்த் தண்ணீரில் அலசலாமா? (செவிலியர்)

கூடாது, ஸ்டெரைல் தண்ணீரில்தான். அலசியபின் நன்றாக உலர வேண்டும். லெஜியோனெல்லா வார்டுக்குள் வரும் வழிகளில் இது ஒன்று. கேட்டதற்கு மகிழ்ச்சி, பல மருத்துவர்களுக்கே இது தோன்றுவதில்லை.

கடும் தலைவலி, வறட்டு இருமல், எக்ஸ்ரேயில் நிமோனியா, செஃப்ட்ரியாக்சோனுக்குக் கேட்கவில்லை. வீட்டில் கிளி வளர்க்கிறாராம்.

கிளியைப் பற்றி விசாரித்தீர்களே, அதுவே பாதி வேலை. சிட்டகோசிஸ் (பறவைகளிடமிருந்து தொற்றும் நோய்) என்று எடுத்துக்கொண்டு, சளியை பி.சி.ஆருக்கு அனுப்பிவிட்டு டாக்சிசைக்ளின் தொடங்குங்கள். இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கத் தொடங்கும். கிளிக்கும் உடம்பு சரியில்லையா என்று கேளுங்கள், வீட்டில் வேறு யாருக்கு இருமல் என்றும் கேளுங்கள்.