மூன்றாவது குழந்தையும் கொறடாவின் உத்தரவும்

கேள்வி: பிரிட்டனின் தொழிற்கட்சிக்குள் 'சோஷலிஸ்ட் கேம்பெய்ன் குரூப்' என்ற இடதுசாரி அணி பல ஆண்டுகளாகத் தலைமைக்குத் தலைவலியாகவே இருந்துவருகிறது. தலைமையின் போக்குப் பிடிக்காவிட்டால் வெளியேறித் தனிக்கட்சி தொடங்குவதுதானே நேர்மை? ஜெயிப்பதற்குக் கட்சியின் பெயர் வேண்டும், ஜெயித்தபின் கட்சிக் கட்டுப்பாடு வேண்டாம் என்பது என்ன நியாயம்?
(வாசகர், திருநெல்வேலி)

பதில்: 'நேர்மை' என்ற சொல்லைத் தாங்களே எடுத்துக் கொடுத்திருப்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன். 2024 ஜூலை 23 அன்று, கியர் ஸ்டார்மர் பிரதமராகி மூன்று வாரம்கூட ஆகாத நிலையில், தொழிற்கட்சியின் ஏழு எம்.பி.க்கள் கொறடாவின் உத்தரவை மீறி, ஸ்காட்லாந்து தேசியக் கட்சி கொண்டுவந்த ஒரு திருத்தத்துக்கு ஆதரவாக வாக்களித்தார்கள். திருத்தம் 103-க்கு 363 என்ற கணக்கில் தோற்றது. அரசுக்கு எந்த ஆபத்தும் இல்லை. ஆனாலும் அன்று இரவே ஏழு பேரும் நாடாளுமன்றக் கட்சியிலிருந்து ஆறு மாதங்களுக்கு நீக்கிவைக்கப்பட்டார்கள். கட்சி எதிர்க்கட்சியாக இருந்தபோது அதன் 'நிழல் நிதியமைச்சராக' (நிதித்துறைப் பேச்சாளராக) இருந்த ஜான் மெக்டோனல் அவர்களில் ஒருவர். கட்டுப்பாட்டை மீறினார்கள் என்பது உண்மைதான். எதற்காக மீறினார்கள் என்பதைத் தங்கள் கேள்வி தொடவே இல்லை.

அந்தத் திருத்தம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: 'இரண்டு குழந்தை வரம்பை' நீக்க வேண்டும். 2015-இல் கன்சர்வேட்டிவ் அரசு அறிவித்து, 2017 ஏப்ரல் 6 முதல் நடைமுறைக்கு வந்த விதி இது. அந்தத் தேதிக்குப் பிறகு பிறக்கும் மூன்றாவது குழந்தைக்கும் அதற்கு அடுத்தடுத்த குழந்தைகளுக்கும், குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான அரசு உதவித்தொகையில் பங்கு கிடையாது என்றது அது. 2024-இல் அது ஒரு குழந்தைக்கு மாதம் 280 பவுண்டுக்கும் அதிகமான தொகை. வேலைக்குப் போகிற பெற்றோருக்கும் இதே விதிதான். சில விதிவிலக்குகளும் இருந்தன. அவற்றில் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். மூன்றாவது குழந்தை வன்புணர்வினால் கருவுற்றதாக இருந்தால் உதவி கிடைத்தது. அதற்கு அந்தத் தாய் ஒரு படிவம் வாங்கி, நடந்ததை ஒரு மருத்துவப் பணியாளரிடமோ சமூகப் பணியாளரிடமோ சொல்லி, அவர் கையெழுத்தைப் பெற்று, அதை உதவித்தொகை அலுவலகத்தில் சேர்ப்பிக்க வேண்டியிருந்தது. அந்த ஆளோடு இப்போது ஒரே வீட்டில் வசிக்கவில்லை என்றும் உறுதிகூற வேண்டியிருந்தது. உழைப்பாளிகளின் பெயரைத் தாங்கிய ஒரு கட்சி ஆட்சிக்கு வந்தபின் இப்படியொரு படிவம் ஒருநாள்கூட நீடிக்கக் கூடாது என்று நினைத்தவர்கள்தான் அந்த ஏழு பேர்.

இதில் வாக்குத் தவறியவர் யார்? 2020-இல் கட்சித் தலைவர் பதவிக்குப் போட்டியிட்டபோது இந்த வரம்பை ஒழிக்க வேண்டும் என்று சொன்னவர் ஸ்டார்மர். கட்சி உறுப்பினர்கள் அதையும் நம்பித்தான் வாக்களித்தார்கள். 2023 ஜூலையில், தாம் ஆட்சிக்கு வந்தாலும் வரம்பு தொடரும் என்று அவரே மாற்றிச் சொன்னார். நிதி நிலைமை என்று காரணம் காட்டினார். நிதி நிலைமை மோசமாக இருந்தது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால், சொன்ன சொல்லிலேயே நின்றவர்களை நேர்மை இல்லாதவர்கள் என்றும், சொல்லை மாற்றியவரைக் கட்சிக் கட்டுப்பாட்டின் காவலர் என்றும் கொள்வதற்கு எனக்கு மனம் வரவில்லை.

இது புதிய தகராறும் அல்ல. தேசிய மருத்துவச் சேவையை 1948-இல் தொடங்கிவைத்த தொழிற்கட்சி அமைச்சர் அனியூரின் பெவான், வேல்ஸ் நிலக்கரிச் சுரங்கத்தில் இளவயதிலேயே வேலைக்கு இறங்கியவர். 1951 ஏப்ரல் பட்ஜெட்டில், கொரியப் போரையொட்டி மூன்றாண்டுகளுக்கு 4,700 மில்லியன் பவுண்டு ராணுவச் செலவுத் திட்டம் கையிலிருந்த நிலையில், நிதியமைச்சர் ஹியூ கெய்ட்ஸ்கெல், பல்செட்டுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் நோயாளிகள் பாதி விலை கொடுக்க வேண்டும் என்றார். முதல் ஆண்டில் அதனால் கிடைக்கக்கூடிய தொகை சுமார் 13 மில்லியன் பவுண்டு. அந்த ராணுவச் செலவோடு ஒப்பிட்டால் இது உப்புக்கும் காணாத காசு. எனினும், இலவசம் என்று ஊரறியச் சொல்லித் தொடங்கிய சேவையில், பல் இழந்த கிழவியிடமும் கண் மங்கிய தையல்காரரிடமும் காசு கேட்கத் தொடங்கினால் அது எங்கே போய் நிற்கும் என்று பெவான் கேட்டார். கேட்டுவிட்டுப் பதவியைத் துறந்தார். அவரோடு விலகிய இருவரில் ஒருவர், பின்னாளில் பிரதமரான ஹெரால்டு வில்சன். கட்சியை உடைக்கப் பார்க்கிறார் என்று அன்றும் பழி சொன்னார்கள். அந்த ராணுவத் திட்டத்தைக் குறித்த காலத்தில் முடிக்க இயலாது என்று சில மாதங்களிலேயே, அடுத்து ஆட்சிக்கு வந்த சர்ச்சிலின் கன்சர்வேட்டிவ் அரசு ஒப்புக்கொண்டு அதை நீட்டிப்போட்டது. பெவானுக்கோ 1955-இல் கட்சியைவிட்டே நீக்கப்படும் நிலை வந்தது. தேசியச் செயற்குழுவில் ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் தப்பினார். அதே கட்சி நான்கே ஆண்டுகளில் அவரைத் துணைத் தலைவராக்கியது.

தனிக்கட்சி தொடங்கட்டும் என்கிறீர்கள். சுதந்திரத் தொழிற்கட்சி அதைச் செய்து பார்த்தது. தொழிற்கட்சி உருவாவதற்கு முன்பே, 1893-இல் கெய்ர் ஹார்டி முதலானோர் பிராட்ஃபோர்டு நகரில் தொடங்கிய அமைப்பு அது. பெரிய கட்சியைப் பெற்றெடுத்தவர்களில் அதுவும் ஒன்று. கொறடாவின் கெடுபிடி தாங்காமல் 1932-இல் அதே பிராட்ஃபோர்டில் கூடி வெளியேற முடிவு செய்தது. மூன்றே ஆண்டுகளில் அதன் உறுப்பினர் எண்ணிக்கை ஏறத்தாழ நாலில் ஒரு பங்காகச் சுருங்கியது. தொகுதியில் அதிக ஓட்டு வாங்கியவரே எம்.பி. என்ற முறை உள்ள நாட்டில் புதுக்கட்சி மூச்சுவிடுவதே கடினம். 1981-இல் எதிர்த்திசையில் இதுவே நடந்தது: கட்சி இடதுபக்கம் போகிறது என்று கோபித்து வலதுசாரி அணியினர் வெளியேறி, சமூக ஜனநாயகக் கட்சி என்று தனியே தொடங்கினார்கள். லிபரல்களோடு கூட்டுச் சேர்ந்து 1983 தேர்தலில் நாலில் ஒரு பங்கு ஓட்டு வாங்கியும் கூட்டணிக்குக் கிடைத்த இடங்கள் 23 மட்டுமே; அவற்றில் இவர்களுடையவை ஆறு. சுவீடனிலோ ஜெர்மனியிலோ ஓட்டு விகிதப்படி இடம் கிடைப்பதால் இடதுசாரிகள் தனியே நிற்க முடிகிறது. பிரிட்டனில் அந்த வழி அடைபட்டிருக்கிறது. அடைபட்ட வழியைக் காட்டி 'போ' என்பது எப்படி நல்ல யோசனையாகும்?

இடதுசாரி அணி செய்ததெல்லாம் சரி என்று வாதாட நான் வரவில்லை. 'மிலிட்டன்ட்' குழுவைப்போலக் கட்சிக்குள் தனிக்கட்சியாகவே இயங்கி, தங்கள் உண்மையான விசுவாசத்தை மறைத்தவர்கள் வெளியேற்றப்பட்டதில் எனக்கு வருத்தமில்லை. இந்த அணியைச் சேர்ந்த ஜெரமி கார்பின் கட்சித் தலைவராக இருந்த காலத்தில் (2015–2020) யூத உறுப்பினர்கள் அனுபவித்த அவமதிப்பு அதைவிடக் கனமானது. சமத்துவ மனித உரிமை ஆணையம் 2020 அக்டோபரில் விசாரணை முடித்து, கட்சி சட்டத்தை மீறியது என்றே கண்டது. ஒடுக்கப்பட்டவர் பக்கம் நிற்பதாகச் சொல்லும் ஓர் அணி அந்தப் புகார்களை முதலில் கேட்டு முதலில் கொதித்திருக்க வேண்டும். அந்த அணியைச் சேர்ந்த பலர் அதைத் தங்கள் எதிரிகளின் சூழ்ச்சி என்று ஒதுக்கியதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஆயினும், அந்தத் தவறுகளுக்கு விடை அணியையே இல்லாமல் ஆக்குவது அல்ல. 2015 ஜூலையில் இதே வரம்பை உள்ளடக்கிய மசோதா வந்தபோது, இடைக்காலத் தலைமை எம்.பி.க்களை வாக்களிக்காமல் விலகியிருக்கச் சொன்னது. 48 பேர் மீறி எதிர்த்து வாக்களித்தார்கள். தலைவர் பதவிக்குப் போட்டியிட்ட நால்வரில் எதிர்த்தவர் கார்பின் ஒருவர்தான். இரண்டு மாதம் கழித்து 59.5 விழுக்காடு வாக்குகளோடு அவர் தலைவரானதற்கு அந்த ஓர் இரவும் ஒரு காரணம் என்பது என் கருத்து. தங்கள் கட்சி எதற்காக இருக்கிறது என்று சாதாரண உறுப்பினர்கள் சொல்ல விரும்பியதைச் சொல்ல அன்று அந்த அணியை விட்டால் வேறு யாரும் இல்லை.

நீக்கிவைக்கப்பட்ட ஏழு பேரில் நால்வர் 2025 பிப்ரவரியில் திரும்பச் சேர்க்கப்பட்டார்கள். மெக்டோனலும் இன்னொருவரும் செப்டம்பரில். ஏழாமவரான ஜாரா சுல்தானா, தாங்கள் சொல்கிற வழியிலேயே, ஜூலையில் வெளியேறி, ஏற்கெனவே கட்சிக்கு வெளியே சுயேச்சையாக வென்றிருந்த கார்பினோடு சேர்ந்து புதுக்கட்சி காணப் புறப்பட்டார். இரண்டே மாதத்தில் உறுப்பினர் சேர்க்கையை யார் நடத்துவது என்பதில் இருவருக்குமிடையே வெளிப்படையாகவே சச்சரவு மூண்டது. உள்ளே இருந்தவர்கள் சாதித்தது அதைவிட அதிகம். மாற்றுத்திறனாளிகளின் உதவித்தொகையைக் குறைக்க அரசு முயன்றபோது 120-க்கும் அதிகமான ஆளுங்கட்சி எம்.பி.க்கள் எதிர்த்துக் கையெழுத்திட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் இடதுசாரி அணியினரே அல்லர். ஏழு பேர் ஓராண்டு முன்பு தனியாகப் பேசிய பேச்சை இப்போது கட்சியின் நடுப்பகுதியே பேசியது. அரசு திட்டத்தின் முக்கியப் பகுதிகளைக் கைவிட்டது.

2025 நவம்பர் 26 அன்று நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ் தம் பட்ஜெட்டில், இரண்டு குழந்தை வரம்பு 2026 ஏப்ரல் முதல் முழுமையாக நீக்கப்படும் என்று அறிவித்தார். அதனால் 4,50,000 குழந்தைகள் வறுமையிலிருந்து மீள்வார்கள் என்பது அரசே தந்த கணக்கு. ஏழு பேர் தண்டிக்கப்பட்டது இதையே பதினாறு மாதம் முன்னதாகக் கேட்டதற்காகத்தான். விதி நடைமுறைக்கு வந்த 2017 ஏப்ரலில், அந்த ஆறாம் தேதிக்குப்பின் யாரோ ஒரு வீட்டில் மூன்றாவதாகப் பிறந்த பிள்ளைக்கு அது நீங்கும்போது ஒன்பது வயது.