பேஸ்மேக்கர் வைத்த அப்பாவுக்கு டிரெட்மில் வாங்கலாமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 66 வயது. எக்கோவில் இதயத்தின் பம்பிங் 30 சதவீதம் என்று வந்தது. நான்கு மாதங்களுக்கு முன் மூன்று கம்பிகள் கொண்ட, தேவைப்பட்டால் அதிர்ச்சியும் கொடுக்கும் பேஸ்மேக்கர் பொருத்தினார்கள். மருத்துவர் இப்போது உடற்பயிற்சி செய்யலாம் என்கிறார். 45 ஆயிரம் ரூபாய்க்கு ஒரு டிரெட்மில் பார்த்தோம். இதய நோயாளிகளுக்கு ஏற்றது என்கிறார் கடைக்காரர். உடல் கொழுப்பைக் காட்டும் எடை இயந்திரமும் இலவசமாம். அதில் காந்தம் இருக்கும், வேண்டாம் என்று அம்மா பயப்படுகிறார். வாங்கலாமா?
— வாசகர், தஞ்சாவூர்

பதில்: உடனே வாங்காதீர்கள். பயிற்சி ஆபத்து என்பதற்காக இதைச் சொல்லவில்லை. இதயச் செயலிழப்பு, அதாவது அப்பாவைப் போல இதயத்தின் பம்பிங் பலவீனம், உள்ளவர்கள் படுத்தே இருக்க வேண்டும் என்று நினைத்த காலம் போய்விட்டது. 2009-ல் வெளியான ஹெச்எஃப்-ஆக்‌ஷன் ஆய்வில், பம்பிங் 35 சதவீதமோ அதற்கும் குறைவாகவோ இருந்த 2,331 பேர் பங்கேற்றார்கள். பலருக்கு அதிர்ச்சி கொடுக்கும் கருவி பொருத்தப்பட்டிருந்தது. பயிற்சி அவர்களுக்குப் பாதுகாப்பானதாகவே இருந்தது. ஆனால் அவர்களை முதலில் கண்காணிப்பில் 36 முறை பயிற்சி செய்ய வைத்தார்கள். முழுமையாக வீட்டுப் பயிற்சிக்கு மாறியது அதற்குப் பிறகுதான். உங்கள் 45 ஆயிரத்தில் ஒரு பகுதியை முதலில் இதய மறுவாழ்வுப் பயிற்சிக்கோ, இதய நோயாளிகளைக் கையாண்டு பழகிய பிசியோதெரபிஸ்டுக்கோ செலவிடுங்கள் என்பேன்.

அதற்கும் முன்னால், பேஸ்மேக்கர் பரிசோதனைக்குப் போகும்போது இரண்டு எண்களைக் கேட்டு எழுதி வாங்குங்கள். ஒன்று, கருவி எந்தத் துடிப்பு வேகத்தில் ஆபத்து என்று எண்ணி அதிர்ச்சி கொடுக்கத் தயாராகும் என்பது. பயிற்சியில் துடிப்பு அதைவிட நிமிடத்துக்கு 10 முதல் 20 குறைவாகவே நிற்க வேண்டும். மற்றொன்று, அப்பாவின் இதயத் துடிப்பை எந்த வேகம் வரை கருவி பின்தொடர முடியும் என்பது. அதைத் தாண்டினால் இரு கீழறைகளையும் சேர்ந்து இயங்க வைக்கும் வேலை தடைபடும். அந்த வேலைக்காகத்தான் மூன்றாவது கம்பி வைத்திருக்கிறார்கள். டிரெட்மில் திரையில் வரும் '220-லிருந்து வயதைக் கழி' என்ற அதிகபட்சத் துடிப்புக் கணக்கு, துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவருக்குப் பொருந்தாது. பேசிக்கொண்டே செய்ய முடிகிற அளவு பயிற்சி போதும். பேச்சு திணறினால் வேகத்தைக் குறைக்க வேண்டும். தலைசுற்றலோ நெஞ்சுவலியோ வந்தால் அங்கேயே நிறுத்த வேண்டும்.

எந்த இயந்திரம் என்பதில் கடைக்காரர்கள் சொல்லாத ஒரு விஷயம் இருக்கிறது. சில பேஸ்மேக்கர்கள் உடல் அசைவை உணர்ந்துதான் துடிப்பைக் கூட்டுகின்றன. நடக்கும்போது மார்பு அசைகிறது, துடிப்பு கூடுகிறது. நின்ற இடத்திலேயே மிதிக்கும் சைக்கிளில் கால் எவ்வளவு உழைத்தாலும் மார்பு அசைவதில்லை. கருவி அவர் ஓய்வில் இருப்பதாக நினைத்துக்கொள்ளும். அதனால்தான் சிலர் தெருவில் நன்றாக நடப்பார்கள், சைக்கிளில் ஐந்தாவது நிமிடமே சோர்ந்துபோவார்கள். டிரெட்மில்லைச் சாய்வாக வைத்தாலும் ஏற்றத்தில் ஏறுகிறார் என்பது இந்த வகைக் கருவிக்குத் தெரியாது. மூச்சின் அளவை வைத்து உணரும் கருவிகளுக்கு இந்தக் குறை குறைவு. அப்பாவுடையது எந்த வகை, துடிப்பைக் கூட்டும் வசதி அவருக்கு இயக்கத்தில் இருக்கிறதா என்று மருத்துவமனையில் கேளுங்கள். தேவைப்பட்டால் அமைப்பை மாற்றித் தருவார்கள். இதைத் தெரிந்துகொள்ளாமல் சைக்கிளையும் வாங்காதீர்கள். சமதளத்தில் நடப்பது பல பேருக்குப் போதும், அதற்குக் காசும் இல்லை.

அம்மாவின் பயத்தில் உண்மை இருக்கிறது, ஆனால் அது வேறு இடத்தில். டிரெட்மில் மோட்டாரோ சைக்கிள் சக்கரத்தின் காந்தமோ காலடியில், மார்பிலிருந்து தொலைவில் இருக்கிறது. கவனிக்க வேண்டியது, விழுந்தால் இயந்திரத்தை நிறுத்துவதற்காகச் சட்டையில் மாட்டிக்கொள்ளும் பாதுகாப்புச் சாவி. பல மாடல்களில் அதற்குள் காந்தம் உண்டு. வலுவான காந்தம் மார்புக் கருவியின் அருகே வந்தால் அது அதிர்ச்சி கொடுக்கும் வேலையைத் தற்காலிகமாக நிறுத்திவிடக்கூடும். சாவியின் கிளிப்பை இடுப்பில் மாட்டட்டும், சாவி கழன்று வந்தால் சட்டைப்பையில் போட வேண்டாம். சாவிக்கும் மார்புக் கருவிக்கும் இடையே 15 சென்டிமீட்டர் தூரம் என்பது நல்ல அளவு. மின் கசிவும் கவனிக்க வேண்டியது. கசியும் மின்சாரத்தைக் கருவி இதயத் துடிப்பு என்று தவறாக எண்ணக்கூடும். எர்த் சரியாக இருக்கும் மூன்று முனை பிளக்கில் மட்டும் இணையுங்கள். பழைய வீடு என்றால் எலக்ட்ரீஷியனை வைத்து ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

'இதய நோயாளிகளுக்கு ஏற்றது' என்று சொன்னவரிடம், அதைப் பில்லிலோ மின்னஞ்சலிலோ எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்கினால் அதுவே உங்களுக்குப் பதில். இயந்திரத்தின் கையேட்டில் பேஸ்மேக்கர் பற்றிய எச்சரிக்கைப் பகுதியை வாங்கும் முன் படியுங்கள், திருப்பி எடுக்கும் நிபந்தனையையும் பில்லில் சேருங்கள். பின்னால் தகராறு வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்ய இரண்டு ஆண்டுகள் அவகாசம் உண்டு, ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமில்லை.

இலவச எடை இயந்திரத்தை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கொழுப்பைக் கணக்கிட அது உடலுக்குள் சிறு மின்சாரம் செலுத்துகிறது. பேஸ்மேக்கர் உள்ளவர்கள் பயன்படுத்தக் கூடாது என்று அவற்றின் கையேடுகளிலேயே இருக்கும். அதற்குப் பதிலாக எடையை மட்டும் காட்டும் சாதாரண இயந்திரம் ஒன்றை வாங்குங்கள். தினமும் காலையில், சிறுநீர் கழித்த பிறகு, சாப்பிடும் முன் அப்பா எடை பார்த்து எழுதட்டும். மூன்று நாட்களில் இரண்டு கிலோ கூடினால் உடம்பில் நீர் சேர்கிறது என்று பொருள். அன்று பயிற்சியை விட்டுவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள்.