பேரக்குழந்தை வருமுன் துணிப்பெட்டியைத் திறந்து பாருங்கள்

கேள்வி: என் மகளுக்கு இன்னும் மூன்று வாரத்தில் தலைப்பிரசவம். எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். மூத்த பேரனின் துணிகளைப் பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிறேன். தூளி, சாம்பிராணி, உரை மருந்து என்று எதைச் சொன்னாலும் ‘கூடாதும்மா’ என்கிறாள். வீட்டில் என்னதான் தயார் செய்வது?

பதில்: முதலில் அந்தப் பெட்டியைப் பற்றிக் கேட்கிறேன். அதில் பாச்சை உருண்டை போட்டு வைத்திருந்தீர்களா? போட்டிருந்தால் அந்தத் துணிகள் இந்தக் குழந்தைக்கு வேண்டாம். உருண்டையில் இருக்கும் நாப்தலின் மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் உடம்புக்குள் போகும். எண்ணெய் தடவிய தோலில் இன்னும் எளிதாக ஏறும். ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைக்கு இதனால் ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து காமாலை கடுமையாக ஏறலாம், மூளை வரை பாதிக்கலாம். அந்தக் குறைபாடு இருப்பது வெளியே பார்த்தால் தெரியாது.

புதிதாகக் கடையை அள்ளவும் வேண்டாம். நைந்த பருத்தி வேட்டியைத் துவைத்து, நல்ல வெயிலில் காயவைத்துக் கிழித்தால் 15, 20 லங்கோடு கிடைக்கும். அதைவிட மென்மையான துணி எந்தக் கடையிலும் இல்லை. முன்பக்கம் திறக்கும் சட்டை ஐந்தாறு, தொப்பி இரண்டு, போர்த்தும் துண்டு நாலு, கொசுவலை, டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று போதும். கொசுவர்த்திச் சுருளை ஒரு மூலையில்கூட ஏற்றாதீர்கள்.

அறை 25 முதல் 28 டிகிரிக்குள் இருக்கட்டும். மின்விசிறி ஓடலாம், காற்று நேராகக் குழந்தை மேல் விழக்கூடாது. புறங்கையால் வயிற்றைத் தொடுங்கள், பிறகு பாதத்தை. இரண்டும் கதகதப்பாக இருந்தால் சரி. வயிறு சூடாகவும் பாதம் சில்லென்றும் இருந்தால் குளிர் ஏற ஆரம்பித்துவிட்டது. தாயின் வெற்று மார்போடு சேர்த்து அணைத்து மேலே போர்த்துங்கள்.

சாம்பிராணியில் உங்கள் மகள் சொல்வதுதான் சரி. ஈரத்தலையைத் துண்டால் ஒற்றினால் காய்ந்துவிடும்; புகையால் சின்ன மூச்சுக்குழாய்தான் புண்படும். உரை மருந்திலும் அவள் பக்கமே நான். உரைகல்லும் தண்ணீரும் கிருமியைக் கொண்டுவரும், வசம்பு வாந்தியைக் கிளப்பும். தேன், சர்க்கரைத் தண்ணீர், கழுதைப்பால் எதுவும் நாக்கில் படவேண்டாம். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும்தான்.

தூளியில் குழந்தையின் முதுகு வளைந்து, தாடை நெஞ்சில் முட்டும். கழுத்து நிற்காத வயதில் இதனால் மூச்சுவழி குறுகும். அதனால் தூங்குவதற்குத் தட்டையான, அழுத்தினால் அமுங்காத படுக்கை, தாயின் கைக்கெட்டும் தூரத்தில். மல்லாந்துதான் படுக்க வேண்டும். கடுகுத் தலையணை உட்பட எந்தத் தலையணையும் வேண்டாம்.

தொப்புள்கொடி விழும்வரை வெதுவெதுப்பான நீரில் துடைத்தெடுத்தால் போதும். கொடியில் சாம்பல், எண்ணெய், பவுடர் எதையும் வைக்காமல் காயவிடுங்கள். லங்கோட்டை அதற்குக் கீழே மடித்துக் கட்டுங்கள். பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் விழுந்துவிடும். மூக்கில் எண்ணெய் விடுவது, ஊதுவது, குழந்தையின் மார்க்காம்பைப் பிதுக்கிப் பால் எடுப்பது, மூன்றும் ஆபத்து. குளிப்பாட்ட வருகிற பாட்டியிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், கையில் குழந்தை இருக்கும்போது வாக்குவாதம் வேண்டாம்.

உங்கள் முக்கிய வேலை மகளைப் பார்த்துக்கொள்வது. ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை பால் கொடுக்கிறவளுக்குப் பத்தியம் என்று தண்ணீரைக் குறைக்காதீர்கள். ஒவ்வொரு முறை அமரும்போதும் பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீர் வையுங்கள். சளி, இருமல் உள்ள சொந்தக்காரரை வாசலிலேயே நிறுத்துவதும் உங்கள் பொறுப்பு. மகள் சொன்னால் மனவருத்தம், நீங்கள் சொன்னால் கேட்பார்கள்.

தினக் காலண்டர் தாளில் சிறுநீர் போகும்போதெல்லாம் ஒரு கோடு போடுங்கள். ஐந்தாம் நாளிலிருந்து 24 மணி நேரத்தில் ஆறு கோடாவது வரவேண்டும். வந்தால் பால் போதுகிறது, அழுகிறதே என்று பால்மாவு வாங்க ஓட வேண்டாம். முதல் வாரம் எடை கொஞ்சம் குறையும், இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிடும்.

குழந்தைக்கு மஞ்சள் பூசாதீர்கள், காமாலை மறைந்துவிடும். பகல் வெளிச்சத்தில் தோலை லேசாக அழுத்தி எடுத்துப் பாருங்கள். பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தாலோ, எப்போதானாலும் உள்ளங்கை, உள்ளங்கால் வரை இறங்கினாலோ உடனே மருத்துவமனைதான். காலை வெயில் அதற்கு வைத்தியம் ஆகாது.

பால் குடிக்க மறுத்தாலும், துவண்டு கிடந்தாலும், வலிப்பு வந்தாலும், அக்குளில் 99.5 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் காட்டினாலும், அமைதியாக இருக்கும்போதே மூச்சு நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல் போனாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். பிறந்த எடை எழுதிய டிஸ்சார்ஜ் சீட்டு, தடுப்பூசி அட்டை, மகளின் ரத்தப் பிரிவு எழுதிய தாள், மூன்றையும் போட்டு வைக்க ஒரு பையைக் கதவுக்குப் பின்னால் இப்போதே மாட்டி வையுங்கள்.