வாயைத் திறக்காத வரைக்கும் தங்கமான மனுஷன்

கேள்வி: என் பையன் அஸ்டெரிக்ஸ் காமிக்ஸ் படிக்கிறான். கடைசிப் பக்கத்துல ஊரே விருந்து சாப்பிடுது, ஒருத்தரை மட்டும் வாயைக் கட்டி மூலையில போட்டிருக்காங்க. கொடுமையா இல்லையாம்மான்னு கேக்குறான். என்னங்க சொல்றது?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: கொடுமைதான், ஆனா அவர் பாடுனா அதைவிடக் கொடுமைன்னு அந்த ஊர் கொல்லர் சுத்தியலைத் தூக்கிட்டே சொல்வாரு. கட்டிப் போட்டிருக்கிற அந்தப் பாடகர் பேரு காகோஃபோனிக்ஸ், கையில யாழ் மாதிரி ஒண்ணு வச்சிருப்பாரு, மரத்து மேல வீடு, ஊர்ப் பசங்களுக்கு வாத்தியாரும் அவர்தான். ரோம் ராஜ்யத்துக்கு அடங்காத ஒரு குட்டி ஊரைப் பத்தி 1959ல எழுத்தாளர் கொசினியும் ஓவியர் உடெர்சோவும் ஆரம்பிச்ச கதை, பிரெஞ்சுல இவர் பேரே ஒரு நக்கல்: நம்மாளுங்க வண்டிக்கு ஃபர்ஸ்ட் பார்ட்டி இன்சூரன்ஸ்னு போடுவோமே, எல்லா ஆபத்துக்கும் சேர்த்து, அந்த வார்த்தையைத்தான் கொஞ்சம் திருகிப் பேரா வச்சுட்டாங்க.

ஆனா பையன்கிட்ட இன்னொண்ணும் சொல்லுங்க, அவரை ரோமாக்காரன் தூக்கிட்டுப் போய் சீசருக்குப் பரிசா குடுத்தப்போ கதாநாயகன் அஸ்டெரிக்ஸும் அவர் கூட்டாளி ஒபெலிக்ஸும் ரோம் வரைக்கும் தேடிப் போனாங்க. 1971ல வந்த ஆல்பம், அதாவது காமிக்ஸ் புத்தகம், இன்னும் ஜோரு, சீசர் அந்த ஊருக்குப் பக்கத்துலயே அபார்ட்மென்ட் கட்டி ரோம் ஜனங்களைக் குடி வைக்கிறாரு, நம்மாளுங்க சண்டைக்கே போகல, பாடகரை அங்க ஒரு வீடு வாடகைக்கு எடுத்துத் தங்க வச்சுட்டாங்க அவ்ளோதான், அவர் ராத்திரில பாட ஆரம்பிச்சதும் குடித்தனக்காரங்க மூட்டையைக் கட்டிட்டாங்க. அப்புறம் ரோம் படைவீரங்க அவரை வெளிய தள்ளுனாங்க பாருங்க, அங்கதான் ஊருக்கு வந்துச்சே கோவம்! எங்க ஆளை நாங்க அடிப்போம், நீ யாருடா வெளிய தள்றதுக்குன்னு போய் வெளுத்துட்டாங்க. அந்த ஆல்பம் கிடைச்சா வாங்கிக் குடுங்க.

கேள்வி: காகோஃபோனிக்ஸ் இந்தியாவுக்குக் கூட வந்திருக்காராமே, நிஜமா?
– வாசகர், கோவில்பட்டி

பதில்: வந்தாரு, 1987 ஆல்பத்துல, பறக்கும் கம்பளத்துல. கங்கைக்கரை ராஜ்யத்துல மழை இல்ல, இவர் பாடுனா மழை கொட்டும்னு கூட்டிட்டு வர்றாங்க, வர்ற வழியில குரல் போயிடுச்சு. வைத்தியம் என்ன தெரியுமா, யானைப்பால், யானைச் சாணி, யானைமுடி எல்லாம் கலந்து அதுல முக்கி எடுக்குறது! அதுக்கப்புறம் பாடுனாரு, மழையும் வந்துச்சு. உங்க ஊருக்குப் பக்கத்துல எட்டயபுரத்துல முத்துசுவாமி தீட்சிதர் அமிர்தவர்ஷினி பாடி மழை வர வச்சாருன்னு சொல்வாங்கல்ல, அங்க வானம் உருகிப் பெஞ்சது, இங்க வானம் தாங்க முடியாம அழுதது.

கேள்வி: எங்க ஃப்ளாட்லயும் ஒரு அண்ணன் இருக்காரு, யார் வீட்டு சிலிண்டர்னாலும் மூணு மாடி தூக்கிட்டு வருவாரு, ஆனா பொங்கல் விழான்னா கரோக்கி மைக்கை விட மாட்டேங்குறாரு. எப்படிச் சமாளிக்கிறது?
– பேர் போடாதீங்க, அவரும் இந்தப் பத்திரிகை படிப்பாரு

பதில்: ஒரு பாட்டு பாட விடுங்க, சிலிண்டருக்காக. ரெண்டாவதுக்கு மைக்கைத் தட்டும்போதே இலையைப் போட்டு முதல் ஆளா அவரை உக்கார வச்சுடுங்க, வடை பெருசா இருக்கட்டும். சுத்தியல் மட்டும் வேணாம்.